சோழர் ஆட்சியில் அரசாணை எழுதப்பட்ட முறை

சோழப் பேரரசில் மன்னனின் வாய்மொழி ஆணை பல கைகளைக் கடந்தே ஊரைச் சென்றடைந்தது என்பதை, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் அளித்ததைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு விரிவாகக் காட்டுகிறது. அரசன் கூறியதைத் திருமந்திர ஓலை எனப்பட்ட எழுத்தர் ஓலையில் எழுத, அவருக்கு மேலிருந்த திருமந்திர ஓலைநாயகம் அதனைச் சரிபார்த்து ஒப்பமிட, நிலவரியைக் கவனித்த புரவுவரித் திணைக்களத்தார் அதை வரிப் பதிவேட்டில் ஏற்றினர்; இச்செயல் ‘வரியிலிடுதல்’ எனப்பட்டது. உடனிருந்த அலுவலர்களின் பெயர்களும் வரிசையாகப் பதியப்பட்டன. ஓர் ஊரின் வரியை விட்டுக்கொடுக்க இத்தனை பேர் பொறுப்பேற்றுப் பெயர் தந்த அந்த ஒழுங்கு, இன்றும் மதிக்கத்தக்கது. பின்னர், அரசனின் கடிதமான திருமுகம், அவ்வூர் அடங்கிய நாட்டின் அவையினரான நாட்டாருக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் எதிர்சென்று தொழுது, அதைத் தலைமேல் வைத்து, பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டு, கொடையை உறுதிசெய்யும் அறவோலையை எழுதித் தந்தனர். ஆணை பிறந்து ஈராண்டுக்கு மேல் கழிந்து, 23ஆம் ஆட்சியாண்டில்தான் இப்பணி நிறைவேறியது. ஓலையிலிருந்த அந்த ஆணையை 21 செப்பேடுகளில் நிலைபெறச் செய்தவன் இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன்.