யாலவும் ஒரு எம்டனும்

சென்னைக்காரர்களுக்கு எம்டன் என்றால் கப்பல் இல்லை, ஒரு குணம். "அவன் சரியான எம்டன்" என்றால் யாருக்கும் பிடிகொடுக்காத எமகாதகன் என்று அர்த்தம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸுக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரில் பாதி மூட்டை கட்டியது. கப்பல் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

அதே கப்பல் இலங்கையின் தென்கிழக்குக் கரையில், யால காட்டில், ஒரு மனுஷனைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. அந்தக் காட்டைப் பார்க்கப் போனேன்.

யாலவில் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. சிறுத்தை இருக்கிறது, யானை இருக்கிறது. பட்டனங்கல கடற்கரையில் மட்டும் இறங்க விடுகிறார்கள். 2004 சுனாமி அடித்துப்போன பங்களாவின் அடித்தளம் மணலில் அப்படியே கிடக்கிறது. கதிர்காமத்தில் பக்தர்கள் முழுக்குப் போடும் மாணிக்க கங்கை இந்தக் காட்டு வழியாகத்தான் கடலுக்கு வருகிறது. ஒருபக்கம் முள்ளுக்காடு, மறுபக்கம் வெறும் கடல். நடுவில் நின்றால் ஒன்று புரியும்: இங்கே யார் வந்தாலும் போனாலும் பார்க்க ஆளில்லை. வதந்திக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

அந்த மனுஷன் பெயர் எங்கல்பிரெக்ட். தென்னாப்பிரிக்க போயர். போயர் யுத்தத்தில் பிடிபட்டவர்களில் சுமார் 5000 பேரை 1900 முதல் தியத்தலாவ முகாமில் கொண்டுவந்து அடைத்தது பிரிட்டன். 1902ல் யுத்தம் முடிந்தது. ஊருக்குப் போகணும்னா பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும். கிட்டத்தட்ட எல்லாரும் எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். மறுத்த ஒருசிலரில் இவர் ஒருவர். அதனால் ஊரும் இல்லை, நாடும் இல்லை.

யாலவை 1900லேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் வேட்டைப்பிரியர்கள் சுட்டு விளையாடவும் பக்கத்திலேயே காடு ஒதுக்கப்பட்டிருந்தது! இந்த வனத்துக்கு முதல் காவலராக வந்தவர் எங்கல்பிரெக்ட். அம்பாந்தோட்டையில் அப்போது உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லியோனார்ட் வூல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃபின் கணவர். அவருடைய நினைவுக்குறிப்புகளில் இந்தப் போயர் வருகிறார்.

பிறகு உலக யுத்தம். எம்டனுக்கு யால கரையிலிருந்து இறைச்சி கொடுத்தார் என்று பேச்சு கிளம்பியது. பிடித்து உள்ளே போட்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. எம்டன் பிழைத்ததே பிடித்த கப்பல்களை வைத்துத்தான். நிலக்கரி, சாப்பாடு, ஒரு கப்பலில் மலைமலையாய் சோப்புகூடக் கிடைத்திருக்கிறது. முள்ளுக்காட்டு எருமைக்காக அது கரையோரம் வந்து காத்திருக்குமா? யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. பிரமாணம் எடுக்காத ஆள், கடலோரம் தனியாக இருக்கிறான், எருமை எங்கே மேயும்னு தெரிஞ்சவன். போதாதா? எம்டனும் அந்த நவம்பர் 9ம் தேதியே கொக்கோஸ் தீவில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டிவிட்டது.

வேலையும் பேரும் போன எங்கல்பிரெக்ட் அம்பாந்தோட்டையிலேயே செத்துப்போனார். அவர் காத்த காடு 1938ல் தேசியப் பூங்காவானது. யாலவிலிருந்து எங்களுக்கு இறைச்சி எதுவும் வரவில்லை என்று எம்டனில் இருந்த அதிகாரி ஒருவரே பின்னாளில் சொன்னார். அதைக் கேட்க எங்கல்பிரெக்ட் உயிரோடு இல்லை.