வெடிமருந்தும் நெஞ்சுவலியும்

நீலகிரி அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு நிறுவிய கார்டைட் தொழிற்சாலையை நாம் வெடிமருந்துச் சாலையாகவே அறிவோம். கார்டைட்டின் கூறுகளுள் ஒன்றான நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலிக்கும் மருந்து என்பதைப் பலர் அறியார். லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் முதலில் தாமே அதனை உட்கொண்டு பார்த்து, பின் நோயாளிகளுக்கு அளித்து, 1879-இல் அதன் பயனை எழுதினார். டைனமைட் கண்ட ஆல்பிரட் நோபலுக்கும் இறுதிக்காலத்தில் மருத்துவர்கள் அதையே பரிந்துரைத்தனர். விதியின் விளையாட்டு இது என அவரே வியந்தார்.

காரணம் விளங்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. அம்மருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிட்டுக் குழாய்த்தசையைத் தளர்த்துகிறது என 1977-இல் ஃபெரிட் முராட் காட்டினார். இரத்தக்குழாயின் உட்படலமே அத்தகைய பொருளொன்றைச் சுரக்கிறது என 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். அதுவும் அவ்வாயுவே என 1986-இல் அவரும் லூயி இக்னாரோவும் தனித்தனியே உரைத்தனர். மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

புறத்தே தேடிய மருந்தை நம் இதயக் குழாய்கள் ஓயாது சுரந்துகொண்டிருந்தன. எனினும், காரணம் அறியாமலே வலி தணித்த அந்த நூறாண்டையும் நாம் மறத்தல் ஆகாது.