மட்சுமோட்டோ பட்டறைகளும் நம் பாடகர் குழுக் கிட்டாரும்

அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இன்று கிட்டார் இல்லாத பாடகர் குழுவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஆலயத்துக்குள் இந்தக் கருவி வந்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. குழல் ஆர்கனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு வழிபாட்டுக்குத் தகுந்த மற்ற கருவிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் சொன்னது. திருப்பலி தமிழில் வந்தது, பாட்டும் தமிழில் வந்தது. ஆர்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் பக்கத்தில் கிட்டாரும் ஒரு நாற்காலி பிடித்தது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் வாங்குவது லேசான காரியம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் கெடுபிடியாக இருந்தன. சென்னை பர்மா பஜாரில் கிடைத்தால் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரரோ கப்பலில் வேலை பார்த்தவரோ கொண்டுவந்தால் உண்டு. மற்றவர்களுக்குக் கொல்கத்தாவில் செய்த கிவ்சனும் ஹாப்னரும்தான். அமெரிக்காவின் கிப்சனையும் ஜெர்மனியின் ஹாஃப்னரையும் நினைவூட்டும் பெயர்கள் அவை. என்னைப் போன்ற பலருடைய விரல் முதலில் காய்த்தது அவற்றில்தான். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சிங்கப்பூர் வழியாகவோ பர்மா பஜார் வழியாகவோ வந்து சேர்ந்த ஜப்பான் கிட்டார்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறக்கப்பட்டு, கம்பி அறுந்து, பிரிட்ஜ் எழும்பி, பழைய சாமான் வண்டிக்குப் போகிற கிட்டார்களில் அவையும் இருக்கின்றன. போவதற்கு முன் யாராவது ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிய, அவற்றைச் செய்த நிறுவனங்களின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கதை ஒரு கால்மிதி ஆர்மோனியத்தில் தொடங்குகிறது. 1887-ல் ஜப்பானின் ஹமமாட்சு நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வெளிநாட்டு ரீட் ஆர்கன் பழுதாகிவிட்டது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தொரகுசு யமஹா என்பவரைக் கூப்பிட்டார்கள். பிரித்துச் சரிசெய்த மனிதர், உள்ளே இருப்பதை வரைந்து வைத்துக்கொண்டு, தாமே ஒன்றைச் செய்தார். செய்ததைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலைப்பாதை வழியாகத் துணைக்கு ஒருவரோடு தோக்கியோவின் இசைப் பள்ளிக்குக் கொண்டுபோனார். வேலைப்பாடு நன்று, சுருதி சரியில்லை என்று தீர்ப்பு வந்தது. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிச் சுருதி பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு வந்து மறுபடி செய்தார். 1897-ல் நிப்பான் காக்கி என்ற நிறுவனம் அமைந்தது. இன்று உலகம் யமஹா என்று அழைப்பது இதைத்தான். பின்னாளில் ஜப்பானியக் கிட்டார்க்காரர்கள் செய்த எல்லாவற்றுக்கும் இந்த நிகழ்ச்சி முன்மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்துச் செய்தார்கள், குறை கேட்டார்கள், திருத்திச் செய்தார்கள்.

நகோயாவில் 1908-ல் ஹோஷினோ என்ற புத்தகக் கடை இசைக் கருவிகளுக்கென்று ஒரு பிரிவைத் திறந்தது. 1929-ல் ஸ்பெயினின் வாலன்சியாவிலிருந்து சால்வடோர் இபானியெஸ் கிட்டார்களை இறக்குமதி செய்யத் தொடங்கியது. சில ஆண்டுகளில் தானே கிட்டார் செய்ய ஆரம்பித்து, அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டது. இன்று இளைஞர்கள் தோளில் தொங்கும் இபனீஸ், ஒரு ஸ்பானிய ஆசாரியின் பெயர்.

மூன்றாவது ஊர் மட்சுமோட்டோ. நாகானோ மலைப் பகுதியில், மரவேலைக்கும் மேசை நாற்காலிகளுக்கும் பேர்போன நகரம். 1951-ல் இங்கே தொடங்கிய மட்சுமொக்கு, சிங்கர் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்து கொடுத்த நிறுவனம். மரத்தை உலர்த்தவும் இழைக்கவும் ஒட்டவும் மெருகேற்றவும் அங்கே பழகிய கைகள் பிறகு கிட்டாருக்குத் திரும்பின. 1960-ல் அதே ஊரில் ஃபூஜிகென் காக்கி பிறந்தது. இந்த நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்றது குறைவு. இபனீஸ், கிரேகோ, ஏரியா என்று வணிகர்கள் கேட்ட பெயரைத் தலையில் பொறித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் தலையில் உள்ள பெயரை மட்டும் வைத்து ஜப்பான் கிட்டாரை எடைபோட முடிவதில்லை.

ஜப்பானில் அமெரிக்கக் கிட்டார்களின் நகல் ஏன் பிறந்தது? கிப்சன் தன் லெஸ் பால் கிட்டாரின் பழைய வடிவத்தை 1961 வாக்கில் நிறுத்திவிட்டது. லண்டன் வாத்தியக்காரர்கள் பழைய லெஸ் பாலைத் தேடித் தேடி வாசிக்க, மவுசு ஏறியது. 1968-ல் கிப்சன் மறுபடி கொண்டுவந்தது. இதற்கிடையில் ஃபெண்டர் 1965-ல் சி.பி.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போனது. 1969-ல் கிப்சனும் கைமாறியது. அமெரிக்கக் கிட்டார்களின் விலை ஏறி, வேலைத் தரம் இறங்கியது என்று வாத்தியக்காரர்கள் குறைபட்ட காலம் அது. அந்த இடைவெளியில் ஜப்பான் நுழைந்தது.

ஆரம்ப நகல்கள் உருவத்தில் மட்டும் நகல். கிப்சனில் கழுத்தை உடம்போடு பசை வைத்து இணைப்பார்கள். 1970-களின் தொடக்கத்து ஜப்பான் நகல்களில் பலவற்றில் நான்கு திருகுகளும் ஒரு தகடும்தான். உடம்பு ப்ளைவுட் அடுக்கு, வளைந்த மேல்பலகைக்கு அடியில் வெற்றிடம். விரலால் தட்டினால் டொக் டொக் என்று காலியாகக் கேட்கும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு திருத்திக்கொண்டே போனார்கள். எழுபதுகளின் நடுவில் பசை இணைப்பு வந்தது, திடமரம் வந்தது. மாக்சன் என்ற பெயரில் வந்த ஜப்பான் பிக்கப்புகளுக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அடுத்து அந்தப் பிரபலமான வழக்கு. 1977 ஜூன் 28 அன்று கிப்சனின் உரிமையாளரான நார்லின், இபனீசை அமெரிக்காவில் விநியோகித்த எல்ஜர் நிறுவனத்தின் மேல் பிலடெல்பியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. விரித்து வைத்த புத்தகம் போல வளைந்திருக்கும் கிப்சன் தலை வடிவத்தைக் காப்பியடித்ததாகப் புகார். வழக்கு வருவதற்கு முன்பே இபனீஸ் தன் தலை வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978 தொடக்கத்தில் இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். நீதிபதி தீர்ப்பு எழுதவே இல்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்று எழுபதுகளின் ஜப்பான் கிட்டார் எதுவாக இருந்தாலும் ‘லாசூட் கிட்டார்’, அதாவது வழக்குக் கிட்டார், என்று ஒரு பட்டத்தைச் சூட்டி விலையை ஏற்றுகிறார்கள். வழக்கைச் சந்தித்தது இபனீஸ் விநியோகஸ்தர் மட்டும்தான். சண்டையும் தலையின் வடிவத்தைப் பற்றியதுதான், கிட்டாரின் தரத்தைப் பற்றியது அல்ல. மேலும், கிப்சனுக்குச் சொந்தமான எபிஃபோன் கிட்டார்களே அப்போது ஜப்பானில், மட்சுமொக்குவில்தான் தயாராகிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தப் பட்டத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்வேன். ஜப்பான் நகல்களில் ஆகச் சிறந்தவை வழக்குக்குப் பிறகு வந்தவை. ஹமமாட்சுவின் டோக்காய் 1978-ல் தன் லெஸ் பால் நகலைக் கொண்டுவந்தது. கிரேகோவும் அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கிட்டாரைப் பிரித்துப் பார்த்து அளவு எடுத்ததுபோல் அத்தனை நுணுக்கமாகச் செய்தது. கடைசியில் ஃபெண்டரே இறங்கிவந்தது. 1982 மார்ச்சில் கண்டா ஷோகாய், யமானோ காக்கி என்ற இரண்டு ஜப்பான் நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, செய்யும் வேலையை ஃபூஜிகென்னிடம் ஒப்படைத்தது. அந்தத் தொடக்க காலத்து, ஜே.வி. என்று ஆரம்பிக்கும் எண் கொண்ட ஃபெண்டரின் ஸ்குவயர் கிட்டார்களை இன்று தேடி வாங்குகிறார்கள். மட்சுமொக்கு 1987-ல் மூடப்பட்டது. ஃபூஜிகென் இன்றும் நடக்கிறது.

சரி, பரணில் கிடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் பக்கத்து ஆலயங்களில் எலக்ட்ரிக்கைவிட அக்குஸ்டிக்தான் அதிகம். அதனால் முதலில் சவுண்ட் ஹோலுக்குள் டார்ச் அடியுங்கள். சிவப்பு லேபிளில் நிப்பான் காக்கி என்று இருந்தால், அது 1966-ல் யமஹா கொண்டுவந்த எஃப்.ஜி. வரிசையின் ஆரம்பக் காலக் கிட்டாராக இருக்கக்கூடும். எஃப்.ஜி. 180, எஃப்.ஜி. 150 இரண்டும் அந்த வரிசையின் மூத்த பிள்ளைகள். மேல்பலகை ஒற்றைப் பலகை அல்ல, ஒட்டுப் பலகைதான். ஆனாலும் அந்த ஒலியை விரும்பித் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பின்னால் தைவானில் செய்தவையும் நல்ல கிட்டார்களே, விலை மட்டும் குறையும். லேபிளைத் துணியால் துடைக்காதீர்கள், எழுத்து போய்விடும்.

அடுத்து பிரிட்ஜ். அதன் பின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. அரியலூர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், கம்பியை முறுக்கியே விட்டுவைத்த கிட்டாருக்கு இது நேராமல் இருக்காது. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். அது அதிகமாக இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் உள்ள ட்ரஸ் ராடைத் திருகினால் சில சமயம் சரியாகும். கழுத்து சேரும் கோணமே மாறிவிட்டிருந்தால், பிரித்து ஒட்டும் கூலி பல நேரம் கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். ஃப்ரெட் போர்டில் உள்ள கருஞ்சிவப்பு மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியாகவும் இருக்கலாம். உலகக் கிட்டார்க்காரர்கள் இந்திய ரோஸ்வுட் என்று சொல்வது அதைத்தான்.

எலக்ட்ரிக்காக இருந்தால் எண்ணைத் தேடுங்கள். 1975-ன் பிற்பகுதியிலிருந்து ஃபூஜிகென்னில் செய்த இபனீஸ்களில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எச்76 என்று தொடங்கினால் 1976 ஆகஸ்ட். அதற்கு முந்தியவற்றில் எண் இருக்காது. எண் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எண் சொல்லாததை மரம் சொல்லும். கம்பிகளைக் கழற்றிவிட்டு, கழுத்தை ஒட்டிய பிக்கப்பின் சட்டத்தில் நான்கு மூலையிலும் உள்ள சின்னத் திருகுகளை எடுங்கள். ஒயரை இழுக்காமல் பிக்கப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள். குழியின் சுவரில் பென்சில் கோடு போட்டதுபோல் வரிசையாகக் கோடுகள் தெரிந்தால் ப்ளைவுட். ஒரே மர ரேகை கீழ்வரை ஓடினால் திடமரம். கழுத்தின் நாக்கு குழிக்குள் நீண்டு வந்து உட்கார்ந்திருந்தால் நல்ல காலத்து வேலை. பிக்கப்பின் அடியில் மாக்சன் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தலையில் கிப்சன் என்று எழுதியிருந்தும், உள்ளே ஜப்பான் பிக்கப்பும் மில்லிமீட்டர் அளவுத் திருகுகளும் இருந்தால், யாரோ பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதை அசல் கிப்சன் விலைக்கு விற்பது மோசடி.

விலைக்கு ஒரு சுலபமான சாவி உண்டு. அந்த நாளில் ஜப்பானில் மாடல் எண்ணிலேயே விலையை வைத்தார்கள். கிரேகோ இ.ஜி. 500 என்றால் ஐம்பதாயிரம் யென், டோக்காய் எல்.எஸ். 80 என்றால் எண்பதாயிரம் யென். செய்தவரே தன் கிட்டாரை எந்தத் தட்டில் வைத்தார் என்பது இதில் தெரிந்துவிடும். முழுப் பருப்பு, பாதி, துண்டு, குருணை என்று முந்திரியைத் தரம் பிரித்து விலை சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது எவ்வளவு அசலாக மிஞ்சியிருக்கிறது என்பது. கம்பி முறுக்கும் கீயை மாற்றியிருந்தால் தலையின் பின்புறம் பழைய திருகு ஓட்டைகள் காட்டிக்கொடுக்கும். மேலே புது பெயின்ட் அடித்திருந்தால் விலை பாதிக்குப் பாதி இறங்கிவிடும் என்பது பழைய கிட்டார் வியாபாரத்தில் பழகிப்போன கணக்கு. வியர்வையில் மங்கிய மெருகும் பிளெக்ட்ரம் உரசிய தடமும் குறைகள் அல்ல. தலை முறிந்து ஒட்டியிருப்பது பெருங்குறை. ஆனாலும் நன்றாக ஒட்டியிருந்தால் வாசிப்புக்குத் தடையில்லை, பாடகர் குழுவுக்கு அது போதும்.

ஜப்பான் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாமே உயர்ந்தவை என்றும் நினைக்க வேண்டாம். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் மலிவுக்குச் செய்து தள்ளியவை ஏராளம். பிள்ளைகள் பழக அவை பயன்படும், பெரிய விலை போகா. அப்படிப்பட்டதைப் பெரிய பேச்சுப் பேசி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பங்கு மக்களுக்கும் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரி மேலோ பழைய கிட்டார் இருந்தால், கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கறையானும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். கழற்றிய கீயையும் நட்டையும் எறியாமல் ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டு முதல் யார் வாசித்தார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். விற்பதானால் இரண்டு பேரிடம் காட்டி விலை கேட்டபின் விற்கவும். விற்க மனமில்லை என்றால் பாடகர் குழுவுக்குக் கொடுங்கள். கம்பி மாற்றி, பிரிட்ஜ் ஒட்டி, வாசிக்கப் பழகும் ஒரு பிள்ளையின் கையில் அதைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.