பால்மரமும் உளியும்



புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் வளர்ந்த நமக்குப் பால்மரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து மரம் சீவி, மங்கு வைத்துப் பால் எடுத்தவர்கள் நம் பெற்றோர். ஆனால் மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகு அது என்னவாயிற்று என்று நாம் கேட்டதுண்டா?

முதலில் ஊர்க் கதை. நம் முன்னோர் பலர் பழைய தென்னார்க்காடு, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது கள்ளக்குறிச்சி. திருச்சியைச் சேர்ந்தது அரும்பாவூர். இரண்டும் மரச் சிற்பத்துக்குப் பேர்போனவை. அரும்பாவூருக்கு 2020-இலும் கள்ளக்குறிச்சிக்கு 2021-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆசாரி பலகையில் கொடியையும் அன்னத்தையும் கோட்டால் வரைந்துகொள்வார். பிறகு கொட்டாப்புளியால் உளியைத் தட்டி, உருவத்தைச் சுற்றியுள்ள மரத்தைத் தோண்டி இறக்குவார். உருவம் மெல்ல மேலெழும். இழை ஓடும் திசைக்கு எதிராக உளி போனால் இதழ் பிய்ந்துவிடும். எங்கே திருப்பவேண்டும் என்பதைக் கை அறியும். இது புத்தகத்தில் வருகிற படிப்பல்ல.

செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு நிலைக்கதவுகளில் யாளியும் கஜலட்சுமியும் இருப்பதைப் படத்திலாவது பார்த்திருப்போம். அந்த வீடுகளை எழுப்பிய பணம் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கு விட்டுச் சேர்த்த பணம். நம் லயத்துக் கதவிலோ ஒரு பூவும் கிடையாது. காரணம் ஏழ்மை மட்டுமல்ல என்பது எங்கள் எண்ணம். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட கதவில் யார் உளி வைப்பார்?

இனி பால்மரத்துக்கு வருவோம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து தொடங்கியது இந்நாட்டுப் பால்மரக் கதை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மரம் ஓய்ந்துவிடும். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகுதான். ரப்பர் சீட்டுக்குப் புகை போட அதுவே எரிந்தது. 1967-இல் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, பால்மரக் கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது.

ஏன் விறகு? அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களில் நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும், உளுத்துவிடும். உடனே அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உள்ளே ஏற்றி, சூட்டறையில் உலர்த்தினால் தாங்கும் என்ற முறை வந்த பின்னரே நிலைமை மாறியது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் இதில் உழைத்தது. 1980-களில் ஜொகூர் மூவார்ப் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து பால்மர மேசை நாற்காலிகள் கப்பலேறின.

நம் பக்கத்திலோ பால்மரம் செம்பனைக்கு இடம் விட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தென்னமரத்தில்தான் நடப்பட்டது. செம்பனைத் தண்டில் சிற்பம் எழாது. உளி பட்டால் நார் நாராய்ப் பிரியும்.

பால்மரத்தில் செதுக்கலாம், வெளிர் நிறம், நடுத்தரக் கடினம். ஆனால் சீவிய அடிமரம் தழும்பேறியிருக்கும். நீண்ட பலகை கிடைப்பதும் அரிது. துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்துத்தான் பலகையாக்குவார்கள். பூவேலையைப் பெரும்பாலும் இயந்திரமே செய்கிறது.

கல்யாணக் கட்டிலுக்குச் சொல்லும்போது, "ஐயா, இது கைவேலையா?" என்று கேளுங்கள், நீங்களும் பாருங்கள். நான்கு காலிலும் பூ அச்சடித்தாற்போல் ஒன்றாயிருந்தால் அது இயந்திர வேலை. கைவேலையில் ஓர் இதழ் சற்றே கூடக்குறைய இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் உளி நின்ற இடம் தட்டுப்படும். கட்டிலுக்குக் கீழே மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால் மருந்து ஏறாத மரம். எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்காதீர்கள்.