நிலநடுக்கத்தை உணரும் கடலடி இணைய வடங்கள்

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் ஒன்றரை மணித்தியாலத்தின் பின்னரே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது கரைகளைச் சுனாமி தாக்கியது. தப்புவதற்கு நேரம் இருந்தது, எச்சரிக்கைதான் வரவில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே.

கடலுக்கு அடியில் அதிர்வுமானிகள் மிகக் குறைவு; அவற்றைப் பொருத்தப் பெருஞ்செலவாகும். ஆனால் நமது தொலைபேசி, இணையத் தரவுகளைச் சுமக்கும் வடங்கள் ஏற்கெனவே அங்கு கிடக்கின்றன. அவற்றின் கண்ணாடி இழைகளில் தரவு ஒளியாகச் செல்கிறது. கடற்படுக்கை அதிர்ந்தால் இழை நுண்ணளவில் நீண்டு சுருங்கும். ஒளியும் சற்று மாறும். அந்த மாற்றமே அதிர்வின் அடையாளம்.

பிரித்தானிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் ஜுசெப்பே மாரா குழுவினர் 2018இல் இதை நிரூபித்தனர். 2021இல் கலிபோர்னிய தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், கூகுளின் கியூரி வடத்தில் வழமையாகச் செல்லும் ஒளியைக் கொண்டே நிலநடுக்கங்களைக் கண்டறிந்தனர். 2022இல் மாரா குழுவினர், பிரித்தானியாவையும் கனடாவையும் இணைக்கும் 5,860 கிலோமீற்றர் வடத்தில், ஒளிபெருக்கிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டையும் தனித்தனி உணரியாகப் பயன்படுத்தினர்.

சீ-மீ-வீ 5 வடம் மாத்தறையில் கரையேறுகிறது. இத்தகைய வடங்களும் ஒருநாள் காவலர்களாகலாம். எனினும் 2011 முதல் இயங்கும் இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்புக்கு இவை துணையே, மாற்றல்ல. இழை உணர்ந்த செய்தி கரைவலை இழுப்பவரின் காதை எட்டினால்தான் உயிர் தப்பும்.