கால் டாலருக்கு மூன்று உயிர்

மேம் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் 1997-ல் வெளியிட்டது. பழைய ஆர்கேட் மெஷின்களின் சிப்பில் இருந்த புரோகிராமை அப்படியே நம் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும். விளையாட்டைத் தொடங்கும் முன் கீபோர்டில் 5-ஐத் தட்ட வேண்டும். தட்டினால் மெஷினுக்குள் ஒரு காசு விழுந்ததாகக் கணக்கு. பத்து முறை தட்டினால் பத்து காசு. பைசா செலவில்லை!

ஆனாலும் பழைய ஆர்கேட் ரசிகர்கள் பலருக்கு இது போதுவதில்லை. நிஜ மெஷினைத் தேடி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஃபன்ஸ்பாட் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். ஆட்டம் அதேதான். அப்புறம் என்ன குறைகிறது? அந்த 5-லேயே பதில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆரம்பத்தில் காசே கிடையாது. 1962-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள், நடுவில் அவற்றை இழுக்கும் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். விண்வெளி அன்றைய கம்ப்யூட்டருக்கு ரொம்ப வசதியான களம். மரம், வீடு எதுவும் வரைய வேண்டாம், கறுப்புத் திரையே ஆகாயம். அது ஓடிய பி.டி.பி.-1 கம்ப்யூட்டரின் விலை சுமார் 1,20,000 டாலர். அதனால் ஆட்டம் பல்கலைக்கழகங்களைத் தாண்டி வெளியே வரவில்லை.

1971-ல் அதற்குக் காசுப்பெட்டி வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் பில் பிட்ஸ், ஹ்யூ டக் இருவரும் வைத்த 'கேலக்ஸி கேம்' ஓர் ஆட்டத்துக்கு 10 சென்ட் வாங்கியது. மெஷினுக்கு ஆன செலவோ சுமார் 20,000 டாலர். அதாவது முதலை எடுக்கவே இரண்டு லட்சம் ஆட்டம் ஆட வேண்டும்! அதே ஆண்டு நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் கம்ப்யூட்டரே இல்லாமல், வெறும் சர்க்யூட்டுகளையும் ஒரு டிவியையும் வைத்து 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' செய்தார்கள். விலை குறைந்தது, விற்கவும் முடிந்தது. இங்கேதான் பொழுதுபோக்கு வியாபாரமானது.

இந்த வியாபாரத்தில் விற்கும் சரக்கு எது? நேரம். ஒரு காசுக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவான். நீண்டுகொண்டே போனால் முதலாளிக்கு நஷ்டம்.

இந்தக் கணக்குக்கு அருமையான விடை 1978-ல் ஜப்பானிலிருந்து வந்தது. டைட்டோ கம்பெனியின் தொமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. மனிதர்களைச் சுடும் ஆட்டம் வேண்டாம் என்று கம்பெனி மறுத்ததால் எதிரிகள் வேற்றுக்கிரகவாசிகள் ஆனார்கள். மொத்தம் 55 பேர். ஆளைக் குறைக்கக் குறைக்க மிச்சமிருப்பவர்கள் வேகம் பிடிப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் 8080 பிராசசருக்கு வேலை குறைந்தது, அதனால் வந்த வேகம் அது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். இதயத் துடிப்பு மாதிரியான அந்த நான்கு ஸ்வரச் சத்தமும் கூடவே வேகமெடுக்கும். இதில் ஜெயிப்பது என்பதே இல்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான்.

1979-ல் அட்டாரியின் 'ஆஸ்டிராய்ட்ஸ்'. அதிக ஸ்கோர் எடுத்தவர் தன் பெயருக்கு மூன்று எழுத்து பதிக்கலாம். அந்த மூன்று எழுத்துக்காகவே காசு கரைந்தது. இத்தனைக்கும் மெஷினுக்கு மின்சாரம் போனால் பட்டியலே அழிந்துவிடும்! ஆட்டக்காரர்களும் சும்மா இல்லை. ஓரிரு பாறைகளை உடைக்காமல் விட்டுவிட்டு, வரும் பறக்கும் தட்டுகளை மட்டும் சுட்டு ஒரே காசில் மணிக்கணக்கில் ஆடினார்கள். இதற்கு வைத்தியம் 'ஆஸ்டிராய்ட்ஸ் டீலக்ஸி'ல் வந்தது.

1980-ல் டேவ் தியூரர் செய்த 'மிசைல் கமாண்ட்' இந்தத் தோல்வியை நேராகவே சொன்னது. ஆறு நகரங்களை ஏவுகணைகளிலிருந்து காக்க வேண்டும். கடைசியில் எல்லாம் அழியும், திரையில் 'முடிவு' என்று வரும். பனிப்போர்க் காலம். அதைச் செய்யும்போது தியூரருக்கே அணுகுண்டுக் கனவுகள் வந்தனவாம்.

அதே 1980-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அட்டாரி 2600 வழியாக வீட்டு டிவிக்கு வந்தது. ஒரு தடவை கார்ட்ரிட்ஜ் வாங்கினால் ஆயுசுக்கும் ஆடலாம். 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது. ஆர்கேட்கள் ஒவ்வொன்றாக மூடின.

இப்போது அந்த 5-க்கு வருவோம். ஆர்கேட்டில் அடுத்த ஆட்டம் தனக்கு என்று சொல்ல, கால் டாலர் காசை மெஷின் விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முன்னால் ஏவுகணை, முதுகுக்குப் பின்னால் நாலு ஜோடிக் கண், பையில் கடைசிக் காசு. அந்தப் பையனுக்கு மூன்றாவது உயிர் நிஜமாகவே உயிர். தோற்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆக, காசு வெறும் நுழைவுக் கட்டணம் இல்லை, அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி. மேம் மெஷினைக் காப்பாற்றிவிட்டது. காசு போய்விடுமே என்ற பயத்தை எந்த சிப்பில் தேடுவது?

ஒன்று செய்து பாருங்கள். ஒரே ஒரு தடவை 5-ஐத் தட்டிவிட்டு ஆடுங்கள். அந்த மூன்று உயிரும் போனதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும், மறுநாள் வரை தொடக்கூடாது. கடைசி உயிரில் கை வியர்த்தால், 1979 எப்படி இருந்தது என்று கொஞ்சம் புரிந்த மாதிரி :-)