படைக்குக் கண்ணாகிய ஒற்று

ஒரு சைனியத்திற்கு வாளும் பீரங்கியும் கைகளெனின், பகைவரது இருப்பையும் இயக்கத்தையும் அறிந்துரைக்கும் ஒற்று அதற்குக் கண்ணாகும். கண்ணில்லாதான் கைவலி என் செய்யும்? தொல்காப்பியனார் வெட்சித்திணைத் துறைகளுள் ‘வேய்’ என ஒன்றை எண்ணினார்; ஒற்றரால் அறியும் செய்தியே அது. திருவள்ளுவனாரோ ‘ஒற்றாடல்’ எனத் தனியோர் அதிகாரமே வகுத்தனர். இதற்குச் சான்று தேடி விழுப்புரம், திண்டிவனம் பகுதியினராகிய நாம் வேற்று நாட்டுச் சரித்திரத்திற் புகவேண்டுவதில்லை. இவ்விரண்டூர்க்கும் இடையே நாம் கடந்துசெல்லும் விக்கிரவாண்டியே போதுமானது.

1752-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றுமாறு ஆங்கிலக் கம்பெனியின் கவர்னர் சாண்டர்ஸ் என்பவர் மேஜர் கின்னீரை ஏவினர். போரிற் பழகிய மேஜர் லாரன்ஸ் இது தகாதென்றுரைத்தும் கேட்டிலர். கின்னீரோ ஐரோப்பாவினின்று புதிதாய் வந்தவர், இந்நாட்டு நிலமறியாதவர். வழியில் விழுப்புரத்துக் கோட்டை எளிதிற் பணிந்தது. செஞ்சியை நெருங்கிய பின்னரே அது தம் படைக்கு அடங்குவதன்றெனக் கண்டார். இதற்கிடையில் புதுச்சேரியினின்று டூப்ளே அனுப்பிய படை விக்கிரவாண்டியில் தங்கி, அவர் திரும்பும் வழியை அடைத்தது. அங்கு நிகழ்ந்த போரில் கின்னீர் காயமுற்றுத் தோற்றனர்.

இத்தோல்விக்குக் காரணம் வீரக்குறைவன்று. செஞ்சி மூன்று மலைகளை வளைத்த மதிலுடையதென்பதை அப்பக்கத்து மாடு மேய்க்கும் சிறுவனும் சொல்லியிருப்பான். படை புறப்படுமுன் கேட்டறிய வேண்டியதைப் புறப்பட்டபின் கண்டறிந்தமையே கேடாயிற்று. அவ்வாண்டிலேயே லாரன்ஸ், அஞ்சிப் பின்வாங்குவார்போற் காட்டிப் பிரெஞ்சுப் படையைத் தம்பின் வரச்செய்து, பாகூரில் வென்றார். பகைவன் நம்மைக் குறித்துப் பொய்யை மெய்யென நம்பச் செய்தலும் ஒற்றின் கலையே.

அக்காலத்து வேவும் கடிதப்போக்குவரத்தும் அரிக்காரர் என்னும் நம் நாட்டு மக்கள் கையில் இருந்தன. அகப்பட்டால் உயிரிழக்கும் தொழில் அது. 1780-இல் ஐதரலி கர்நாடகத்தினுட் புகுந்தபோது, அவருடைய குதிரைப்படை வழிகளையெல்லாம் தன்வயமாக்கிற்று. காஞ்சியிலிருந்த ஜெனரல் மன்றோ, கர்னல் பெய்லிக்குத் துணையாகக் கர்னல் பிளெச்சரை அனுப்பினார். வழிகாட்டிகள் ஐதரின் கைக்கூலி பெற்றவர் என ஐயுற்ற பிளெச்சர், வேறு வழியிற் சென்று செப்டம்பர் 9-இல் பெய்லியைச் சேர்ந்தார். ஐயம் அவரை வழியிற் காத்தது. எனினும் மறுநாள் பொள்ளிலூரில் அப்படை முழுதும் அழிந்தது. அணித்தேயிருந்த மன்றோ நிலைமையறிந்து உற்றுழி உதவினாரல்லர்.

அடிபட்ட கம்பெனியார் பின்னர் விழித்தனர். 1788-க்குள் ஆம்பூரில் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் தலைமையில் செய்தி திரட்டும் இலாகா ஒன்று நடந்தது. பிற்காலத்துச் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அங்கே உதவி அதிகாரியாயிருந்தனர். இவர் காஞ்சியிலிருந்த மன்றோவின் வேறாவர். நம் தேசத்துச் சேனையின் உளவுப்படை 1942 நவம்பர் 1-ஆம் தேதி தோன்றியது. அன்று தனியாட்களின் சாமர்த்தியமாயிருந்தது இன்று பயிற்சியும் ஒழுங்குமுடைய தொழிலாயிற்று. ஆயினும் அடிப்படை மாறவில்லை: ஓரொற்றன் சொல்லை மற்றோரொற்றனால் ஆராய்ந்து, மூவர் சொல் ஒத்தவழியே தெளிக என்பது வள்ளுவர் கருத்து.

அன்பர்களே! கின்னீர், பிளெச்சர், ரீட் என்னும் பெயர்கள் ஏடேறின. இரவில் ஏரிக்கரை வழியே ஓலை சுமந்தோடிய நம்மூரார் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன. நம்மவர் இல்லங்களிற் பழைய ஓலைகளோ, தானப் பத்திரங்களோ, பாட்டன்மார் வாய்மொழியோ இருப்பின், அவற்றைச் செல்லுக்கும் மறதிக்கும் இரையாக்காது எழுதிவைத்தல் நம் கடமையாகும். பிள்ளைகளுக்கு யாம் கூற விரும்புவது மற்றொன்று: கேட்ட மாத்திரத்தே நம்புதல் ஒரு சேனையையே அழிக்குமெனின், ஒரு குடும்பத்தை அழித்தற்கு எவ்வளவு நேரமாகும்? செவியிற் பட்டதை ஆராய்ந்து தெளிந்த பின்னரே செயலிற் புகுக.